வலது கைப் பக்கத்து அட்டை

கொட்டாரம்,
24-1-1954

கடல் தாண்டி ஈப்போ ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்க்கும் என் மகன் ஜெபசீலனுக்கு, விடிந்தால் முதல் வேலையாக உன் பெயரை ஆண்டவர் சமுகத்தில் சொல்லுகிற அம்மா தங்கபாய் எழுதுவது.

உன் கிறிஸ்மஸ் கடிதமும், அதற்குள் லீலாபாய்க்கென்று நீ தனியாக மடித்து வைத்ததும் வந்து சேர்ந்தன. அவளுடையதை நான் பிரிக்கவில்லை. அவள் அதைக் கொண்டுபோய் அடுக்களைக்குள் நின்றபடியே இரண்டு தரம் படித்தாள். அன்று வைத்த மீன்குழம்பில் உப்பில்லை. உன் பெண்டாட்டி உன் கடிதத்தைக் குழம்பில் போட்டிருக்கிறாள் என்று சொல்லி நான் உப்புப் போட்டுக்கொண்டேன்.

கும்பப்பூ நெல் கதிர் வாங்கி நிற்கிறது. குளத்துத் தண்ணீர் அறுப்பு வரைக்கும் தாங்கும் என்கிறார்கள். பசு சினையாக இருக்கிறது. கோயில் கூரைக்கு ஓடு மாற்றிவிட்டார்கள். இனி மழைக்காலத்தில் குடை பிடித்துக்கொண்டு ஜெபிக்க வேண்டாம்.

இனி எழுதுவதை நிதானமாகப் படி. லீலாபாய்க்கு இடது மார்பில் ஒரு கட்டி இருக்கிறது. புளியங்கொட்டை அளவு. வலி கிடையாது. குளிக்கும்போது கையில் தட்டியது என்று புதுவருஷம் கழிந்து சொன்னாள். நான் தாமதிக்கவில்லை. மறுநாளே நாகர்கோவிலில் பஸ் மாறி நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் பொறுமையாகப் பார்த்தார். இது நல்ல கட்டியாகத் தோன்றவில்லை, இந்த மாதமே மார்போடு சேர்த்து எடுத்துவிட வேண்டும், சிறிதாக இருக்கும்போது எடுத்தால் பிழைக்க வழி அதிகம் என்றார். வீட்டில் யோசித்துச் சொல்கிறோம் என்று வந்துவிட்டோம்.

வீட்டுக்கு வந்து கால் கழுவின பிறகு அவள், "மாமி, ஜெபம் பண்ணி எனக்கு அட்டை எடுத்துப் பாருங்க. நீங்க சொல்லதுபோல செய்யலாம்" என்றாள்.

அட்டை என்றதும் நீ சிரிப்பாய். மிஷன் ரேந்தை வகுப்பில் நூல் பின்னல் படித்த காலத்தில் வெள்ளைக்கார மிஸியம்மா தந்த அதே நாற்பத்திரண்டு படங்கள்தான். ஆடு, கிணறு, கப்பல், விளக்கு, பாம்பு, கதிர்க்கட்டு என்று கீழே அச்சடித்திருந்த பெயர்களை எழுத்துக் கூட்டித்தான் நான் வாசிக்கப் படித்தேன். பள்ளிக்கூடம் போகாத எனக்கு அந்தப் படங்களே வாத்தியார். நீ மலேயாவுக்குப் புறப்பட்டபோது ஜெபித்து ஒரே ஒரு படம் எடுத்தேன். கப்பல் வந்தது. அதோடு சந்தோஷப்பட்டு உன்னை அனுப்பிவிட்டேன். இப்போது அப்படி எடுப்பதில்லை. ஒற்றை அட்டை அரை வார்த்தை. அதற்குப் பக்கத்தில் என்ன வந்திருக்கிறது என்று பார்த்தால்தான் வார்த்தை முழுசாகும்.

கிணறு வந்தால் சமாதானம். கிணற்றுக்கு அடுத்து பாம்பு வந்தால் அந்தத் தண்ணீரை நம்பிக் குடிக்கக் கூடாது. கிணற்றுக்கு அடுத்து ஆடு வந்தால் சமாதானம் இரட்டிப்பு. அரிவாளைப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும், ஆனால் பக்கத்தில் கதிர்க்கட்டு வந்துவிட்டால் அது அறுப்பு, ஆசீர்வாதம். காய்ந்த மரத்துக்குப் பக்கத்தில் அதே அரிவாள் வந்தால் நஷ்டம். மனுஷரைப் போலத்தான். நல்லவன்கூட யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்பதைப் பார்த்துத்தானே பேசுகிறோம்? வந்த அட்டைகளையும், சொன்ன பலனையும், பிறகு நடந்ததையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்து, அதிலிருந்துதான் இந்த ஒழுங்கைக் கண்டுகொண்டேன்.

கேட்க வந்தவர் எனக்கு எதிரே உட்காருவார். கவிழ்த்துப் பரப்பின அட்டைகளில் அவரே மூன்றை எடுப்பார். நடுவில் இருப்பது காரியம். கேட்பவருடைய வலது கைப் பக்கம் இருக்கிற அட்டைக்குத்தான் அந்தக் காரியத்தின்மேல் அதிகாரம். இடது கைப் பக்கத்து அட்டை கூடவே வரும், எச்சரிக்கும், ஆனால் தடுக்காது.

உபதேசியார் ரசலையனுக்கு இது பிடிக்கவில்லை. படத்தைக் காட்டிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லலாம், கடவுளிடம் பதில் கேட்டு வாங்கக் கூடாது என்றார். பக்கத்து வீட்டுச் செல்லத்தாய்க்கோ எப்போதும் கேலிதான். "ஏட்டி தங்கம், கிளி எடுத்தா ஜோசியம், நீ எடுத்தா ஜெபமாக்கும்? ஆனா ஒண்ணு, ஒனக்குக் கிளிக்குப் போடுத நெல்லு மிச்சம்" என்பாள். சொல்லிவிட்டு, மருமகன் இந்த மாதமாவது மகளை அழைத்துப் போவானா என்று அவளே வந்து மூன்று அட்டை எடுப்பாள்.

லீலாபாய்க்கு நடுவில் அரிவாள் வந்தது. கத்தி என்று டாக்டர் சொன்னதற்கு அதுவே அடையாளம். ஒரு பக்கம் விளக்கு, ஒரு பக்கம் சாத்தின கதவு. வலது கைப் பக்கம் கதவு. ஆகவே இப்போது கத்தி வைக்க வழி திறக்கவில்லை என்று சொன்னேன். நீ சித்திரையில் லீவில் வருகிறாய். நீ வந்து பார்த்துத் தீர்மானிக்கலாம். அதுவரைக்கும் பச்சிலை வைத்துக் கட்ட ஒரு வைத்தியர் இருக்கிறார். செல்லத்தாய் மட்டும், "படிச்ச டாக்டரு சொல்லியாச்சு, நீ படத்தைப் பாத்துக்கிட்டு இருக்கியா? பிள்ளையைக் கொண்டு போ, ஏட்டி" என்று வேலிக்கு அப்பால் நின்று சத்தம் போட்டாள். அவள் நம் விசுவாசம் இல்லாதவள்.

வேளைக்குச் சாப்பிடு. மழையில் நனைந்த சட்டையோடு உட்கார்ந்து கணக்கு எழுதாதே. உன் போக்கையும் வரத்தையும் ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் அம்மா,
தங்கபாய்


கொட்டாரம்,
9-5-1954

அன்புள்ள மகன் ஜெபசீலனுக்கு, அம்மா ஜெபத்தோடும் அதைவிட அதிகக் கலக்கத்தோடும் எழுதுவது.

தோட்டத்துத் துரை சித்திரையில் விடமாட்டேன் என்றுவிட்டார், லீவு ஆவணிக்குத் தள்ளிப்போயிற்று என்று நீ எழுதின கடிதம் வந்தபோது நாங்கள் வீட்டில் இல்லை. நெய்யூரில் இருந்தோம். செல்லத்தாய் அதை வாங்கி வைத்திருந்து கொடுத்தாள்.

கட்டி எலுமிச்சங்காய் அளவு ஆகிவிட்டது, மகனே. பச்சிலைக் கட்டை அவிழ்த்தபோது தோல் ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி குழி விழுந்து கிடந்தது. அக்குளிலும் ஒன்று தட்டியது. இடது கை வீங்கி, வளையலைக் கழற்ற முடியாமல் வெட்டி எடுத்தோம். அதற்குமேல் நான் காத்திருக்கவில்லை.

அதே டாக்டர்தான் இருந்தார். தை மாதம் வந்தவள்தானே, நான் சொல்லியும் இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. நான் வாயைத் திறக்கும் முன்னே லீலாபாய் சொன்னாள்: "எனக்குக் கத்தின்னா பயம் டாக்டர். மாமி எத்தனையோ தரம் சொல்லிப் பாத்தாங்க. நாந்தான் கேக்கல்லை." நான் பக்கத்தில் நின்று தூக்குப்போணி மூடியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

மார்பை எடுத்தார்கள். அக்குளிலும் எடுத்தார்கள். முழுவதையும் எடுத்துவிட்டதாகச் சொல்ல முடியாது, உள்ளே போயிருக்கிறது என்று டாக்டர் என்னை மட்டும் அழைத்துச் சொன்னார். செய்ய முடிந்ததையெல்லாம் செய்தார்கள். அங்கே வேலை செய்கிற பிள்ளைகள் அவளைத் தங்கள் கூடப்பிறந்தவளைப்போல் பார்த்துக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு மத்தியானம் எனக்கென்று மூன்று அட்டை எடுத்தேன். நடுவில் கதிர்க்கட்டு. ஒரு பக்கம் காய்ந்த மரம், மறு பக்கம் ஊற்று. மரம் கதிரை அழித்தது, ஊற்று மரத்தை அழித்தது. கலைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். மறுபடியும் அப்படியே ஒன்றை ஒன்று மறுத்துப் பேசின. எந்தக் காரியத்துக்கும் இரண்டு தரம் எடுக்கக் கூடாது என்பது நானே வைத்த ஒழுங்கு. ஆறு தரம் எடுத்தேன்.

அட்டை எடுத்த பிறகும் நான் பல தரம் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டதாகவும், தன் பயத்தால்தான் தாமதமாயிற்று என்றும் அவள் உனக்கும் எழுதியிருக்கிறாளாம். எழுதினது எழுதினதாக இருக்கட்டும். அவளைக் கோபித்து ஒன்றும் எழுதிவிடாதே. இப்போதைக்கு இவ்வளவுதான் சொல்ல முடிகிறது. ஆவணிக்கு எப்படியாவது வா.

ஆண்டவர் உன் மனதை மெதுவாக்கட்டும்.

அம்மா,
தங்கபாய்


கொட்டாரம்,
22-8-1954

மகன் ஜெபசீலனுக்கு, அம்மா எழுதுவது. இதை முழுவதும் படித்துவிட்டுக் கிழிக்க வேண்டுமானால் கிழி. பாதியில் கிழிக்காதே.

தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்ற கிளர்ச்சியில் மேற்கே துப்பாக்கிச் சூடு நடந்து, பத்து நாளாக பஸ் ஒழுங்காக இல்லை. உன் கடிதமும் பிந்தித்தான் வந்தது. என் பெயருக்கு எழுதியிருந்தாய். டாக்டர் சொன்னதைக் கேட்காமல் பிடிவாதம் பிடித்துத் தன் வாழ்வையும் உன் வாழ்வையும் சேர்த்துக் கெடுத்தவளுக்கு இனி எழுத உனக்குக் கை வரவில்லை, லீவையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாய் என்று எழுதியிருக்கிறாய். கூடவே லீலாபாய்க்கு மடித்து வைத்த தாள் ஒன்றும் இல்லை. உறையைக் கவிழ்த்து உதறிப் பார்த்தேன்.

அவளிடம், உன்னை விசாரித்து எழுதியிருக்கிறான் மக்கா என்று சொன்னேன். "அப்படியா மாமி" என்றாள். காட்டுங்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

இப்போது அவளுக்கு எழுந்து நடக்க முடியவில்லை. முதுகெலும்பில் வலி. சரிந்து உட்கார்ந்தால் இருமல் வருகிறது. டாக்டர் கார்த்திகை தாண்டாது என்கிறார். செல்லத்தாய் தினமும் வந்து தலை வாரிவிடுகிறாள். "என்னட்டி, ஒனக்க மாப்பிள்ளை சீமைத்துரை ஆயிட்டானா? நாலு வரி எழுத நேரம் இல்லியோ?" என்று அவளை வம்புக்கு இழுத்துச் சிரிக்க வைக்கப் பார்க்கிறாள். சிரிப்பதற்குள் இருமல் வந்துவிடுகிறது. தபால்காரர் மணிச்சத்தம் கேட்கிற நேரத்தில் மட்டும் அவள் இருமலை அடக்கிக்கொள்வாள்.

போன வியாழக்கிழமை, "மாமி, அட்டை எடுப்பமா? அவிய கடுதாசி வருமான்னு பாக்கலாம்" என்றாள். மூன்று மாதமாக நான் அட்டையைத் தொடவில்லை. கேட்டதால் எடுத்து வந்தேன். பாயில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். மூன்றையும் அவளே எடுத்தாள். நடுவில் கப்பல். ஒரு பக்கம் புறா, மறு பக்கம் புயல். புறா வலது கைப் பக்கம் இருக்கிறது, கடிதம் கட்டாயம் வரும் என்றேன்.

அவள் அட்டைகளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "இது யாருக்க வலது கை மாமி? எனக்கா, உங்களுக்கா?" என்று கேட்டாள்.

ஜெபசீலா, இனி மறைக்க எனக்குப் பலம் இல்லை. தை மாதம் அவள் முதலில் எடுத்தது விளக்கு, பிறகு அரிவாள், கடைசியில் கதவு. நான் எப்போதும் என் இடது கையிலிருந்து தொடங்கித்தான் வைப்பேன். அது எதிரே இருப்பவருக்கு வலது கை. ஆக, அவளுடைய வலது கைப் பக்கம் இருந்தது விளக்கு. அரிவாளுக்கு விளக்கு அதிகாரியாக வந்தால் பயப்படாமல் அறு என்று பலன். என் நோட்டில் நாலு இடத்தில் என் கையாலேயே அப்படி எழுதியிருக்கிறேன். அன்று மட்டும் என் வலது கையை வலது கை என்று எண்ணினேன். கதவு அங்கே போய் நின்றது. கை பிசகி அப்படி எண்ணவில்லை. தெரிந்துதான் எண்ணினேன்.

ஏன் என்று கேட்பாய். கல்யாணமாகி ஆறு வருஷம். நீ வந்துபோன இரண்டு லீவிலும் ஒன்றும் தங்கவில்லை. இந்தச் சித்திரையிலாவது ஆண்டவர் கண் திறப்பார் என்று இருந்தேன். மார்பை எடுத்துவிட்டால் பிறக்கிற பிள்ளைக்கு எதைக் கொடுப்பாள், நீதான் அவளை எப்படிப் பார்ப்பாய் என்ற நினைப்பு பஸ்ஸில் திரும்பி வரும்போதே எனக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. நான் அட்டையிடம் கேட்டது அவள் உயிரைப் பற்றி இல்லை. என் பேரப்பிள்ளையைப் பற்றி. வாய் அவள் பெயரைச் சொல்லி ஜெபித்தது, அவ்வளவுதான்.

அந்தப் படங்களுக்கு ஏதாவது தெரியுமா தெரியாதா என்று எனக்கு இப்போது சொல்லத் தெரியவில்லை. ரசலையன் சொன்னது சரியாக இருக்கலாம். ஆனால் தெரியும் என்று நம்பியவள் நான். நம்பாத ஒருத்தி திருப்பிச் சொல்லியிருந்தால் அது விளையாட்டு. கடவுள் பேசுகிறார் என்று நம்பிக்கொண்டே, அவர் சொன்னதை எனக்கு வேண்டிய பக்கம் நான் திருப்பினேன். இதற்கு என்ன பெயர் என்று நீயே வைத்துக்கொள்.

அவள் அப்படிக் கேட்டதும் நான் அட்டைகளைக் கூட்டி அடுக்கத் தொடங்கினேன். அவளே சொன்னாள்: "அண்ணைக்கே தெரியும் மாமி. எத்தனை பேருக்கு நீங்க எடுக்கத நான் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன்? வலது கை எதுன்னு எனக்குத் தெரியாதா? எனக்கும் பிள்ளை வேணும்னு இருந்துது. அதான் நானும் பேசாம இருந்துட்டேன்."

அப்படியானால் டாக்டரிடமும் அவனிடமும் ஏன் பழியை உன்மேல் போட்டுக்கொண்டாய், இன்றைக்கே நான் அவனுக்கு உண்மையை எழுதிவிடுகிறேன் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீங்காத கையால் பிடித்தாள். "எழுதாதீங்க மாமி. நான் போயிருவேன். அதுக்கப்புறம் அவியளுக்கு ஒலகத்துல நீங்க மட்டுந்தான். அம்மையையும் வெறுத்துட்டா அவிய எங்க போவாவ?" என்றாள்.

அவள் சொன்னதைக் கேட்டு மூன்று நாள் எழுதாமல் இருந்தேன். இந்த மூன்று நாளும் தபால்காரர் வந்தார், போனார். நேற்று அவள் மணிச்சத்தத்துக்குக் கண்ணைத் திறக்கவே இல்லை. தூங்குகிறாளோ என்று கிட்டப் போய்ப் பார்த்தேன். தூங்கவில்லை.

அதனால்தான் அவள் பேச்சை மீறி எழுதுகிறேன். அவளுக்குப் பிடிவாதம் இல்லை, மகனே. கத்திக்குப் பயமும் இல்லை. ஆபரேஷன் அறைக்குள் போகும்போது என் கண்ணைத் துடைத்துவிட்டுப் போனவள் அவள். தைரியம் இல்லாமல் இருந்தவள் நான்.

நீ என்னை வெறுக்கலாம். அதற்கு உனக்கு முழு நியாயம் உண்டு, காலமும் உண்டு. நான் கல்லுப்போல இருக்கிறேன். அவளுக்குத்தான் காலம் இல்லை. லீவை வேண்டாம் என்று சொன்ன அதே துரையிடம் திரும்பிப் போய்க் கேள். காலைப் பிடிக்க வேண்டுமானால் பிடி. கப்பல் கிடைக்கும் வரை காத்திருக்காமல் இன்றே அவளுக்கு எழுது. அவள் பெயரைத் தனியாக மேலே போட்டு எழுது. மன்னிப்பு என்ற வார்த்தையை அதில் எழுதிவிடாதே, அவள் ஒரு குற்றமும் செய்யவில்லை. நான் உனக்கு எழுதினேன் என்பதையும் காட்டிக்கொள்ளாதே. அவள் ஆசைப்பட்டு வைத்திருப்பது அந்த ஒரு ரகசியம்தான், அது அவளோடு இருக்கட்டும். உன் வேலையைப் பற்றி எழுது, அங்கே பெய்யும் மழையைப் பற்றி எழுது, சமைக்கத் தெரியாமல் நீ படுகிற பாட்டைப் பற்றி எழுது. அவளால் பிடித்துப் படிக்க முடியாவிட்டால் செல்லத்தாய் மகளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுகிறேன். நான் வாசிக்கமாட்டேன். வாசலுக்கு வெளியே நின்றுகொள்வேன்.

எனக்குப் பதில் எழுத வேண்டாம்.

உன் கோபம் முழுவதையும் ஆண்டவர் என் தலையில் இறக்கி வைத்து, உன் கையை லேசாக்கி, இன்றைய தபாலுக்குள் உன்னை எழுத வைப்பாராக.

உன்னைப் பெற்றவள்,
தங்கபாய்